குருவிக் கூட்டிலிருந்து ஆய்வுக் கட்டுரை வரை

மழையில் நனைந்த குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொன்ன கதையை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். ஆனால், அக்குருவியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுவது எவ்வாறு என்பதைப் பதினொன்றாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஆறு பேரும் இவ்வாண்டுதான் கற்றோம். கற்றதை எங்கள் தங்கையருக்கும் சொல்லி வைப்பது கடமை எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

ஊர்க் கண்மாய்க் கரையில் ஐந்து பனைகள் நின்றன. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பத்துச் சனிக்கிழமைகளில் காலை 6.30 மணி முதல் 8 மணி வரை கூடுகளை எண்ணுவது என்று திட்டமிட்டோம். நிறைவடைந்த கூடுகளையும் பாதிக் கூடுகளையும் தனித்தனியே குறித்தோம். அதற்குக் காரணம் உண்டு. கூடு பின்னுவது ஆண் குருவி. தலைக்கவசம் போன்ற வடிவில் பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்வையிடும். அதற்குப் பிடித்தால்தான் நீண்ட குழாய் வாசலுடன் கூடு முழுமை பெறும். இவ்வுண்மையை 1930ஆம் ஆண்டில் பம்பாய்க்குத் தெற்கேயுள்ள கிகிம் என்னும் கடலோர ஊரில் நாள்தோறும் அமர்ந்து கவனித்து, மறு ஆண்டே கட்டுரையாக வெளியிட்டவர் பறவையியல் மேதை சாலிம் அலி. அப்போது அவருக்கு வேலைகூட இல்லை!

குறிப்பேடு நிறைந்தது, எழுதத்தான் தெரியவில்லை. எங்கள் விலங்கியல் ஆசிரியை கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்தார்: முன்னுரை, ஆய்வு முறை, முடிவுகள், விவாதம். ஏன் பார்த்தோம், எப்படிப் பார்த்தோம், என்ன கண்டோம், அதற்கு என்ன பொருள் என்ற நான்கு வினாக்களுக்கு அவை விடைகள். ஆனால் எழுதும் வரிசை வேறு. ஆய்வு முறையை முதலில் எழுத வேண்டும். செய்தது நமக்கு நன்றாகத் தெரியுமல்லவா? அடுத்து அட்டவணைகளும் முடிவுகளும். பின்னர் விவாதம், அதன் பின் முன்னுரை. கட்டுரையின் முகப்பில் நிற்கும் சுருக்கத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டுமாம். குருவியின் விஞ்ஞானப் பெயரான ப்ளோசியஸ் பிலிப்பினஸ் என்பதைக் கையால் எழுதும்போது அடிக்கோடிட வேண்டும் என்பதும் அன்று அறிந்த செய்தியே.

முதல் சிக்கல் அட்டவணையில் எழுந்தது. ஒரு சனிக்கிழமை அடைமழை. இன்னொன்றில் காலாண்டுத் தேர்வு. அவ்விரு கட்டங்களில் சுழியம் இடலாமா, முன்பின் வாரங்களின் சராசரியை இடலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. சுழியம் என்றால், போய்ப் பார்த்தோம், கூடு இல்லை என்று பொருள். வெற்றிடம் என்றால், நாம் போகவே இல்லை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. ஆகவே, அக்கட்டங்களைக் காலியாக விட்டு, காரணத்தை அடியில் குறித்தோம்.

அதைவிடப் பெரிய சோதனை பின்னர் வந்தது. ஏழாவது வாரத்தில் ஐந்து கூடுகளோடு ஒரு பனை வெட்டப்பட்டது. பாதையை அகலமாக்க மற்ற நான்கும் போகும் என்றார்கள். பனை போனதால் குருவிகள் ஊரையே விட்டுப் போயின என்று உரக்க எழுத எங்கள் நெஞ்சம் துடித்தது. “குருவிக்காகப் பேசாத கட்டுரை எதற்கு?” என்று எங்களுள் ஒருத்தி கண்கலங்கக் கேட்டாள். ஆசிரியை அமைதியாக, “அந்தச் செய்தி உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அம்மா?” என்றார். அதன் பின் மற்ற நான்கு பனைகளிலும் சேர்ந்து இரண்டு புதுக் கூடுகளே தோன்றின என்பதுதான் எங்களிடம் இருந்த உண்மை. இனப்பெருக்கப் பருவம் முடிந்து வந்ததும் அதற்குக் காரணமாகலாம். இரண்டையும் விவாதப் பகுதியில் எழுதினோம். மிகைப்படுத்திய கட்டுரையை ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்கள். எண்ணி எழுதிய ஐந்து கூடுகளை யாரால் இல்லையென்று சொல்ல முடியும்?

முன்பெல்லாம் கரை முழுதும் கூடுகள் தொங்கியதாகப் பனையேறும் தாத்தா ஒருவர் சொன்னார். நாங்கள் எண்ணாததால் அது முடிவுகளில் சேராது. ஆனால் இந்த ஆய்வைத் தொடங்கத் தூண்டியதே அவருடைய சொல். எனவே அவர் சொன்னதாகவே முன்னுரையில் சேர்த்து, அவரது அனுமதியுடன் நன்றியுரையில் முதற்பெயராக அவர் பெயரை எழுதினோம்.

கட்டுரையின் ஒரு படியை மாவட்ட அறிவியல் மாநாட்டுக்கும், இன்னொரு படியை ஊராட்சி அலுவலகத்துக்கும் அனுப்பியுள்ளோம். இதை எழுதும் இந்நாளில் நான்கு பனைகளும் நிற்கின்றன. அன்புத் தங்கையரே, வரும் ஆகஸ்டு மாதம் அதே கரையில், அதே நேரத்தில், அதே முறையில் நீங்கள் எண்ண வேண்டும். ஓர் ஆண்டின் கணக்கை மற்றோர் ஆண்டோடு ஒப்பிட்டால்தான் குருவிகள் குறைகின்றனவா என்பது விளங்கும். எங்கள் கட்டுரையின் படி பள்ளி நூலகத்தில் இருக்கிறது. நீங்கள் தொடர வேண்டும் என்பதற்காகவே ஆய்வு முறையை அத்தனை விரிவாக எழுதி வைத்திருக்கிறோம்.