ஆடி மழையில் கரிசலாங்கண்ணித் தைலம்

தைலம் காய்ச்சுவதில் முக்கால்வாசி வேலை தண்ணீரை விரட்டுவதுதான். அதை, தமிழ்நாட்டிலேயே தென்மேற்குப் பருவமழை அதிகம் கொட்டும் ஊர்களில் ஒன்றான தேவாலாவில், அதுவும் ஆடி மாதத்தில் செய்கிறார்கள் என்றால் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்?

காய்ச்சுபவர்கள் இரண்டு பேர். அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவர்; 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். சேச்சி வயநாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். கரிசலாங்கண்ணி அவருக்குக் கையுண்ணி. தோட்டத்துக்கு லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் அடுப்பு எரியும்.

நன்றாக விடிந்த பிறகே செடி பறிக்கக் கிளம்பினோம். யானை நடமாட்டம் அப்படி. தேயிலைக்கு நடுவே வடிகாலில் தளதளவென்று நின்றதை அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது களைக்கு மருந்தடிச்ச எடம் சார், தலைக்கு ஆகாது.” கீழே வாழை வைத்த பழைய வயலின் வரப்பில்தான் பறித்தார்கள்.

சாலையோரம் மஞ்சள் பூவாய்ப் படர்ந்து கிடப்பதைக் கரிசலாங்கண்ணி என்று நம்பிப் பறிப்பவர்கள் உண்டு. மஞ்சள் கரிசாலை என்று மருந்துக்கு ஆகும் செடி ஒன்று இருப்பதால் வரும் குழப்பம். சாலையோரத்துச் செடியோ அழகுக்காக அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டியது. சேச்சி, வெள்ளைப் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியின் தண்டைக் கிள்ளி நகத்தால் நசுக்கி என் உள்ளங்கையில் தேய்த்தார். பச்சையாக இருந்த சாறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. மாலைவரை அந்தக் கறை போகவில்லை.

வேரை நறுக்கி எறிந்துவிட்டு, செடியை அலசி, இடித்து, துணியில் பிழிந்தார்கள். ஒரு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு நான்கு பங்கு சாறு. ஆயுர்வேதத்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். கேரளத்து நீலிபிருங்காதித் தைலத்தில் அவுரி, முடக்கத்தான், நெல்லிச்சாறு, பால் வகைகள் எல்லாம் சேரும். இங்கே அவ்வளவு ஆடம்பரம் இல்லை.

விறகு ஈரம். தீ தாழ்ந்தால் வீடெல்லாம் புகை, ஏறினால் எண்ணெய் கருகும். அக்கா அடுப்பை விட்டு அசையவில்லை. மதியத்துக்கு மேல் கரண்டியால் அடிக்கசண்டை வழித்துத் திரிபோல உருட்டித் தீயில் காட்டினார். சடசடவென்றது. “தண்ணி இன்னும் இருக்கு, கேக்குதுல்ல?” அடுத்த முறையும் சடசட. அதற்கடுத்த திரி சத்தமில்லாமல் எரிந்தது. மெழுகுப் பதம். அதைத் தாண்டினால் மணல் பதம், அதற்கும் மேலே போனால் கரிதான். உடனே இறக்கிச் சூட்டோடு வடிகட்டினார்கள்.

இதே சாற்றில் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, திரியாக்கி எரித்துக் கண்மை எடுப்பதும் உண்டு. “இங்க துணி எப்பக் காயறது, மை எப்ப எடுக்கறது?” என்றார் சேச்சி. வள்ளலார் தினம் உண்ணச் சொன்ன கீரைகளில் கரிசலாங்கண்ணியும் ஒன்று. காமாலைக்கும் கொடுப்பார்கள், இதிலுள்ள வெடெலோலாக்டோன் கல்லீரலைக் காக்குமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடி விஷயத்தில், 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வெள்ளெலிகளுக்குச் சீக்கிரம் வளர்ந்தது. வழுக்கையில் முளைக்கும் என்று விளம்பரம் செய்பவர்களை நான் நம்பமாட்டேன். இந்த இருவரும் அப்படிச் சொல்லவில்லை, “தலை குளிரும், தூக்கம் வரும்” என்பதோடு சரி.

மருந்தென்று லேபிள் ஒட்டி விற்பதற்காகத் தயாரிக்க 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதற்கான இடமும் கருவியும் ஆளும் இவர்களுக்கு எட்டாத செலவு. அதனால் அக்கம்பக்கத்து வீடுகளோடு வியாபாரம் முடிந்துவிடுகிறது.

நான் நீட்டிய பாட்டிலை அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “கழுவினீங்களா சார்? ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் காறிப்போயிரும்.” அடுப்புக்கு மேல் பரணில் காய்ந்துகொண்டிருந்த பிராந்தி பாட்டிலை எடுத்து அதில் ஊற்றினார். பாட்டிலுக்குத் தனியாக 10 ரூபாய். 2022 முதல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் டாஸ்மாக்கில் அந்தப் பத்து ரூபாய் கிடைக்கும். அதை எனக்காக விட்டுக்கொடுக்க அக்கா தயாராக இல்லை.