திணிவும் நிறையும்

1990 இல் மன்னாரிலிருந்து படகேறி மண்டபம் அகதி முகாமை அடைந்த என் மருமகன், தமிழகப் பள்ளியொன்றிலே சேர்ந்தான். முதற் பரீட்சையில் ஒரு கணக்கு: நிறை 50 கிலோகிராம், முடுக்கம் 2 மீ/வி², விசை எவ்வளவு?

ஈழத்திலே நாம் திணிவை ஆர்முடுகலாற் பெருக்கி விசை கண்டவர்கள். முடுக்கம் என்றால் ஆர்முடுகல் என்பதை அவன் ஊகித்துக்கொண்டான். நிறைதான் அவனை ஏமாற்றிற்று. நமக்கு அது புவி இழுக்கும் விசை. அங்கோ திணிவுக்கே நிறை என்று பெயர், நமது நிறை அவர்களுக்கு எடை. பையன் 50 ஐ 10 ஆல் வகுத்து, திணிவு 5 எனக் கொண்டு, 10 நியூட்டன் என்றெழுதினான். சரியான விடை 100. (கிலோகிராமைக் கவனித்திருக்கலாம்தான்; படகேறி மூன்று மாதமே ஆகியிருந்தது.) ஆசிரியர் பூச்சியம் இட்டார்.

“தமிழிலேதானே மாமா கேட்டார்கள்?” என்று எனக்கு எழுதியிருந்தான்.