திருத்தணியில் கோடை வாசம்

கோடை வாசத்துக்கு ஜனங்கள் உதகமண்டலம் போவார்கள், கொடைக்கானல் போவார்கள், ஒன்றும் முடியாதவர்கள் ஏற்காடாவது போவார்கள். திருத்தணிக்குக் கோடை வாசம் செய்ய வந்தவர் யாரேனும் உண்டா? வானிலை அறிக்கையில், வெயில் கொளுத்திய ஊர்களின் வரிசையில் எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி முன்னால் நிற்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், அதுவும் கத்திரி வெயிலில், நாங்கள் குடும்ப சகிதமாக மூன்று நாள் கோடை வாசம் செய்தோம். அதிலும் விசேஷம் என்னவென்றால், நாங்கள் குடியிருப்பதே அந்த ஊரில்தான்!

காரணத்தை மறைப்பானேன்? உதகைக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை என் தகப்பனாரின் முழங்கால் வைத்தியம் விழுங்கிவிட்டது. குழந்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டார்கள். அப்பாவோ, "என்னால் அல்லவா இவர்களுக்கு இந்த ஏமாற்றம்!" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் என் மனைவிக்கு ஒரு யோசனை உதித்தது. "நாளைக் காலையில் ரயிலடிக்குப் போவோம். அங்கிருந்து, இந்த ஊருக்குப் புதிதாக வந்த யாத்திரிகர்களைப் போல் வெளியே வருவோம். மூன்று நாளைக்கு வீட்டில் அடுப்பு மூட்டப் போவதில்லை" என்றாள். யோசனையின் கடைசிப் பகுதியில் அவளுக்கு இருந்த சிரத்தையை நான் கவனிக்காமல் இல்லை.

அவ்விதமே புறப்பட்டோம். ஆச்சரியத்தைக் கேளுங்கள்! எத்தனையோ வருஷமாக நான் நடந்த வீதி, அன்று வேறு வீதியாகத் தோன்றியது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், பூக் கூடைகள், விபூதிக் கடைகள், வரிசையாக எழும்பியிருக்கும் புதிய விடுதிகள் எல்லாவற்றையும் அன்றுதான் நின்று பார்த்தேன். ஒரு மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் தமிழில் ஆரம்பித்த பேச்சைப் பக்கத்தில் நின்ற இன்னொருவரிடம் தெலுங்கில் முடித்தார். மொழிதான் மாறிற்று, தராசு மாறவில்லை.

சிற்றுண்டிச் சாலையில் இட்லிக்குக் காத்திருந்தபோது என் பையன், "ம.பொ.சி. சாலை என்று பலகையில் போட்டிருக்கிறதே, யார் அப்பா அவர்?" என்று கேட்டான். தினமும் அந்தச் சாலையில் போகிற நான், "பெரிய தலைவர்" என்று சொல்லி நிறுத்திக் கொண்டேன். ஆட்டோவில் எங்களுடன் வந்திருந்த அப்பா அதோடு விடவில்லை.

1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது, சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணியும் அதனுடன் போயிற்று. தமிழ் பேசும் எல்லைப் பகுதிகள் தமிழகத்தோடு இருக்க வேண்டுமென்று ம.பொ. சிவஞானமும், இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழாரும் கிளர்ச்சி நடத்தினார்கள். பிறகு படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணித் தாலுகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. "ஆனால் மங்கலங்கிழார் 1953-லேயே காலமாகிவிட்டார். அந்த நாளை அவர் பார்க்கவில்லை" என்று அப்பா முடித்தார். எல்லோருடைய இட்லியும் ஆறிப் போயிருந்தது.

மறுநாள் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனோம். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அபராஜிதவர்ம பல்லவன் காலத்தில் எழுந்த கற்றளி அது. யானையின் பின்புறம் போல் வளைந்த விமானம். மலைக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளூர்க்காரனாகிய நானும் அந்தத் தொண்ணூற்றொன்பது பேரில் ஒருவனாகத்தான் இருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வெயில் தணிந்ததும், மலையடிவாரத்தில் நின்றோம். வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழாவில் பக்தர்கள் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, பாடிக்கொண்டே ஏறுவது வழக்கம். என் பெண் அடிப்படியை ஜனவரி முதல் தேதி என்று வைத்துக் கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள். "பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களுக்கு இந்த மலையில் இடமில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"மாமா, மேலே வண்டிப் பாதை இருக்கிறதே" என்றாள் என் மனைவி. அப்பா கேட்கவில்லை. "தொண்ணூற்றோராம் படி வரைக்கும் வருகிறேன்" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. பெண்தான் விரலை மடக்கிப் பார்த்து, "ஏப்ரல் ஒன்று!" என்று கூவினாள்.

அந்தப் படிக்கு வர அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூச்சு வாங்க உட்கார்ந்தார். "அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. ஆந்திராவில் படுத்துத் தூங்கி, சென்னை ராஜ்யத்தில் கண் விழித்தேன். அதே திண்ணை, அதே கிணறு. ஆனால் என் தாத்தா அன்று காலையில் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை" என்றார். மேற்கொண்டு பேசாமல், கீழே விளக்கேற்றத் தொடங்கிய ஊரையே பார்த்துக் கொண்டிருந்தார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் ஏறினோம். 227-ஆம் படி சுதந்திர தினம். பையன் அதை இரண்டு தடவை மிதித்தான். 248-ஆம் படி செப்டம்பர் 5. 1888-ல் இதே ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனுடைய பிறந்த நாள். பெண் அங்கே தன் ஆசிரியையை நினைத்து ஒரு கும்பிடு போட்டாள். உச்சியில், சந்நிதிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நிற்கும் யானையைக் கண்டு, "நம்மைப் போல அதுவும் வேறு ஊரையே பார்க்கிறது" என்றாள் என் மனைவி.

இறங்கி வந்தபோது, முன்பின் தெரியாத நாலைந்து குழந்தைகளை வைத்துக் கொண்டு அப்பா படிக் கணக்குச் சொல்லிக் கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் நிச்சயமாக உதகைக்குப் போகலாம்" என்றேன்.

பையன் யோசித்தான். "அதெப்படி முடியும்? தாத்தா இன்னும் ஏப்ரல் மாதத்தையே தாண்டவில்லையே!" என்றான்.

இப்பொழுது சாயங்கால வேளைகளில் தாத்தாவும் பேரனும் மலையடிக்குப் போகிறார்கள். சென்ற வாரம் மே முதல் தேதிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.