கிளம்பிப் போகிறவன்

அனகாபுத்தூர் வீட்டில் தறி ஓடாத மதியங்களில் அப்பாவுக்குப் பொழுது நகராது. ஒருநாள் மடிக்கணினியில் 1937-ல் வந்த ‘தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா’வைப் போட்டேன். ‘நாடோடி மன்ன’னின் மூலம் எது என்று காட்டிவிடும் அற்ப ஆசைதான். 1958-ல் பத்து வயதில் அதைப் பார்த்தவர் அவர். நெய்யும்போதெல்லாம் அதன் வசனம்தான் வாயில்.

முடிசூட்டு நாளன்று அரசன் மயக்க மருந்தில் கிடக்க, அதே முகமுள்ள ஓர் ஆங்கிலேயப் பயணி அரியணை ஏறுகிறான். இரண்டு வேடமும் ரொனால்ட் கோல்மன். காதலையும் தவிப்பையும் தணிந்த குரலிலேயே கொண்டுவந்துவிடுகிறார். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியரோடு வாள் வீசும்போதும் இருவரும் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொள்கிறார்கள்.

“சிரிச்சிக்கிட்டே சண்டை போடறான் பாரு, நம்ம வாத்தியாரு மாதிரியே” என்றார் அப்பா.

இதே கோல்மன் நடித்த ‘இஃப் ஐ வேர் கிங்’கை எம்.ஜி.ஆர். கல்கத்தாவில் பார்த்தார், நாடோடி மன்னனின் விதை அங்கேதான் விழுந்தது என்றேன். அப்பா அசரவில்லை.

கடைசியில் அரசனை மீட்டுக் கொடுத்துவிட்டு, காதலித்த இளவரசியையும் விட்டுவிட்டு, கோல்மன் குதிரையேறிப் போகிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. போலி அரசனாக உட்கார்ந்ததும் வீராங்கன் ஏழைகளுக்குச் சட்டம் போடுவதைப் பிரச்சாரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

“இதாம்ப்பா கதை. வேலை முடிஞ்சுது, கிளம்பிட்டான்.”

“அவன் வெளியூர்க்காரன்டா, கிளம்பலாம். வீராங்கன் எங்க போவான்? அது அவன் ஊரு. இருக்கிறவன்தான சட்டத்தப் பத்திக் கவலைப்படணும்?”

நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி 70-களில் நின்றபோது தெருவில் பலர் தறியைப் பிரித்தார்கள். அப்பா பிரிக்கவில்லை. அன்று காலைதான், “தறிய குடுத்துட்டு என்கூட ஃபிளாட்டுக்கு வந்துடுங்க” என்று சொல்லியிருந்தேன். பதில் வரவில்லை. அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

“நம்ம படத்தப் போடு” என்றார். “கலர்ல சரோஜாதேவி வர்ற எடத்துலேர்ந்து.”

போட்டேன். எம்.ஜி.ஆர். வாயைத் திறக்குமுன்பே அப்பா வசனத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.