ஹைபரா, ஹைப்போவா?

அறுபதைத் தாண்டிய நாலு பேர் மாரண்டஹள்ளிக் கடைத்தெருவில் டீ குடிக்க நின்றால், பேச்சு தக்காளி விலையில் தொடங்கி ரத்தப் பரிசோதனையில் முடியும். ஒருவருக்கு ஹைபர் டென்ஷன். இன்னொருவர் வீட்டம்மாவுக்கு ஹைப்போ தைராய்டு. மூன்றாமவருக்கு நேற்று ராத்திரி ஹைப்போ வந்துவிட்டதாம். எல்லோரும் தலையாட்டுவோம். எது கூடியது, எது குறைந்தது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

இரண்டும் கிரேக்க முன்னொட்டுகள். ஹைபர் என்றால் மேலே, அளவுக்கு அதிகம். ஹைப்போ என்றால் கீழே, அளவுக்குக் குறைவு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பொருளோ நேர் எதிர். ஹைபர் டென்ஷனில் இன்னொரு குழப்பமும் உண்டு. "நான் டென்ஷனே ஆகமாட்டேன், எனக்கெதுக்கு மாத்திரை?" என்று கேட்டு மருந்தை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அங்கே டென்ஷன் என்பது மனக்கவலை அல்ல, ரத்தக் குழாயில் உள்ள அழுத்தம். சாந்தமான மனிதருக்கும் அது ஏறும்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். முப்பது வருஷம் கரும்பலகையில் கர்ணம் வரைந்திருக்கிறேன். அதற்கு ஆங்கிலத்தில் ஹைப்பாட்டனியூஸ். செங்கோணத்துக்கு அடியில் நீட்டிப் பிடித்த கோடு என்று பொருள். அங்கே இருப்பதும் இதே ஹைப்போதான். தோலுக்கு அடியில் போடும் ஊசி ஹைப்போடெர்மிக். அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் 'ஹைப்போ' என்றொரு கரைசல் இருக்குமே, அது சோடியம் தயோசல்பேட். ஹைப்போசல்பைட் என்ற அதன் பழைய பெயரின் மிச்சம் அது. மேலே போனால் ஹைபர்போலா. அதைத் தமிழ்ப் பாடநூல் அதிபரவளையம் என்று அழகாகச் சொல்கிறது. ஹைபருக்கு 'அதி'.

ஞாபகம் வைத்துக்கொள்ள நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. பஞ்சப்பள்ளி சின்னாறு அணை நிரம்பினால் பத்திரிகையில் என்ன போடுகிறார்கள்? உபரி நீர் திறப்பு. இந்த உபரி, 'மேலே' என்று பொருள்படும் வடசொல். கிரேக்க ஹைபரும் வடமொழி உபரியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழியியலார் முடிவு. அதேபோல ஹைப்போவுக்கு உறவு 'உப'. உபநதி, உபதலைவர் என்கிறோமே, அந்த உப. ஆக, ஹைபர் என்றால் உபரி. அணை நிரம்பி வழிகிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒருநாள் முற்பகல் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மனிதர் பனியன் நனைய வேர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"சுகர் ஏறிப்போச்சுங்க சார். பையன்கிட்ட போன்ல சொன்னேன், ஹைபர்னு சொன்னான். ராத்திரி போடற மாத்திரைய இப்பவே குடுத்துடலாம்னு பாக்கறேன்."

பையன் சொன்னது ஹைப்போ. குளுக்கோமீட்டரில் பார்த்தால் 48. அந்த மாத்திரை உள்ளே போயிருந்தால் இன்னும் இறங்கியிருக்கும். நல்லவேளையாக அவரால் விழுங்க முடிந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் "வாத்தியாரே, எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அது ஹைப்போ. வேர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சுக் குழறல் இவையெல்லாம் அறிகுறிகள். சுமார் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

தைராய்டு ரிப்போர்ட்டிலும் இந்த மயக்கம் உண்டு. டி.எஸ்.ஹெச். அதிகம் என்று அச்சாகியிருக்கும், டாக்டரோ ஹைப்போ என்பார். முரண் இல்லை. தைராய்டு சுரப்பி மந்தமானால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி "வேலை செய், வேலை செய்" என்று டி.எஸ்.ஹெச்.சைக் கூடுதலாக அனுப்புகிறது. மாணவன் படிக்காவிட்டால் வாத்தியார் சத்தம் கூடுகிற மாதிரி. கூடியது வாத்தியார் சத்தம், குறைந்தது மாணவன் படிப்பு.

நம் வயதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஹைப்போநெட்ரீமியா, சோடியம் குறைவது. பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் பிரிக்கும் மாத்திரைகள் சிலவற்றால் இது வரலாம். ஆள் திடீரென்று குழம்பிப் பேசினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் ரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் 1860-களிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1916-ல் ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கவென்றே நண்பர்களோடு ஒரு சங்கம் நடத்தினார். அன்று நம் தர்மபுரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, 1965-ல்தான் தனியானது. 'உயர் ரத்த அழுத்தம்' இன்று எல்லோர் வாயிலும் வருகிறது. 'தாழ் சர்க்கரை' மட்டும் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை.

அதனால் நான் இப்போது டாக்டரிடம் போனால் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "கூடியிருக்குங்களா, குறைஞ்சிருக்குங்களா?" எந்த டாக்டரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பெரியவர் வீட்டு பிரிட்ஜில் அவர் பையன் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான்: "வேர்த்து நடுங்கினால் மெஷினில் பார். சர்க்கரை குறைந்திருந்தால் சர்க்கரை கொடு. மாத்திரை கொடுக்காதே." உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருந்தால் ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள்.