பிரிக்கத் தெரிந்த கைகள்

தொழில் கற்றவர் எல்லோருக்கும் அது முதலாகிவிடுவதில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசியே அதில் எழும்பியது. எங்க சனத்துக்கும் ஒரு தொழிலறிவு இருக்கு. அது மட்டும் கூலியாவே நிக்குது.

இங்கே குப்பை பிரிக்கும் பெண்களுக்கு ராத்திரியில் பாடம் எடுக்கிறேன். 'கழிவில்லாப் பொருளாதாரம்' என்று பயிற்சித் தாளில் இருந்ததை வாசித்தேன். "ஏய்யா, பிரிக்கவா எங்களுக்குச் சொல்லித் தரப் போறே?"ன்னு ஒரு பெரியம்மா கேட்டுச்சு.

நியாயமான கேள்வி. அச்சகத்துக் கட்டிங்கை வெள்ளை, கலர், அட்டை என்று தொட்டே பிரிப்பார்கள். பட்டாசு மருந்து ஒட்டின தாளைப் பார்த்ததுமே ஒதுக்குவார்கள். இதை அறிவுன்னு ஒத்துக்கிடாம 'அவங்க வேலை'ன்னு ஒதுக்கி வச்சது சாதி.

அதனால் பாடத்தை மாற்றிக்கொண்டோம். தராசு பார்ப்பது, சாக்குக்கும் ஈரத்துக்கும் வியாபாரி கழிக்கிற எடையைக் கணக்குப் போடுவது, அன்றைய விலையை நோட்டில் எழுதுவது, ஆளாளுக்கு விற்காமல் சேர்ந்து விற்பது. கூடவே கொஞ்சம் சட்டம். குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன.

அப்படியானால் பிரிக்கப் படிக்க வேண்டியவர்கள் குப்பை போடுகிற தெருக்காரர்கள்தான். சொல்லித்தர எங்க பெண்கள் தயார். வாத்தியார் என்று வந்தால், வாசற்படி ஏற விடுவீர்களா?