அப்புறம் பார்க்கலாம்டா...

2023 மே 29 ராத்திரி நீங்க எங்கே இருந்தீங்க?

பாதிப் பேருக்காவது பதில் ஞாபகம் இருக்கும். ஐபிஎல் ஃபைனல். கடைசி ரெண்டு பந்தில் பத்து ரன் வேணும். மோகித் சர்மா போட, ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். சென்னைக்குக் கோப்பை!

எனக்கும் அந்த ராத்திரி மறக்கலை. ஆனா முதல்ல ஞாபகம் வர்றது அந்த ரெண்டு பந்து இல்லை. அதுக்கு முன்னாடி பெய்த மழை.

அப்போ நான் முதல் வருஷம். ஹாஸ்டல். மறுநாள் மதியம் கணக்குப் பரீட்சை. ஃபைனல் 28-ஆம் தேதியே நடந்திருக்கணும், மழையால 29-க்குத் தள்ளிப் போச்சு. பரீட்சை எங்கே தள்ளிப் போகும்? ஒரு கையில் நோட்டு, தலையணை மேல சாய்ச்சு வெச்ச ஒரு போன், அதைச் சுத்தி ஆறு பேர். நம்ம சாய் சுதர்சன் குஜராத்துக்காக 96 அடிச்சு, அவங்க 214 எடுத்தாச்சு. சென்னை ஆட வந்து மூணே மூணு பந்து. மறுபடி மழை.

அந்த நேரத்தில்தான் எதிர் ரூம் நண்பன் நோட்டோட வந்து நின்னான். பேர் வேண்டாம், கிளாஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியத்தில் படிச்சவன். ரங்கே-குட்டா முறை அவனுக்குப் புரியலை. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. ரங்கே 1895-லயும் குட்டா 1901-லயும் எழுதி வெச்சுட்டுப் போன வழி. ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி k1, k2, k3, k4-ன்னு நாலு தடவை சரிவைக் கணக்குப் பண்ணி, நடு ரெண்டையும் இரட்டிப்பாக்கிக் கூட்டி ஆறால வகுக்கணும். அவ்வளவுதான். ஒருதடவை யாராவது பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டினா வந்துடும்.

"பத்து நிமிஷம் சொல்லிக் குடுடா."

"மேட்ச் போயிட்டிருக்குடா. அப்புறம் பார்க்கலாம்."

அவன் போனை எட்டிப் பார்த்தான். திரையில் மேட்ச் இல்லை. கவர் போட்டு மூடின பிட்ச், குடைங்க, மழை. "சரிடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

ஆட்டம் திரும்பத் தொடங்கினது 12.10-க்கு. அதாவது ரெண்டு மணி நேரத்துக்கு மேல மழையைப் பார்த்துட்டு இருந்திருக்கேன். அதுல அவன் கேட்டது பத்து நிமிஷம்.

15 ஓவரில் 171. ஜெயிச்சோம். கத்தினோம். தூங்கும்போது ரெண்டரை. காலையில் எழுந்ததும் என் படிப்பு, என் பதற்றம். "அப்புறம்" வரவே இல்லை.

பரீட்சையில் ரங்கே-குட்டா வந்தது. 13 மார்க். k3 போட்டுட்டு இருக்கும்போதுதான் அவன் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ரெண்டு வரிசை முன்னாடி, பேனாவை மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தான்.

ரிசல்ட் வந்தப்போ அவனுக்கு அந்தப் பேப்பர் அரியர். அடுத்த தடவையே எழுதி பாஸ் பண்ணிட்டான். ஆனா நாலாவது வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ சமயத்தில் ஒரு நிபந்தனை வந்தது பாருங்க: இதுவரை ஒரு அரியர்கூட வெச்சிருக்கக் கூடாது. நாங்க எல்லாரும் டை கட்டிக்கிட்டு வரிசையில் நிக்கறோம். அவன் கேன்டீன்ல உக்காந்திருந்தான். எனக்கு மறுபடியும் அந்த மழை ஞாபகம் வந்தது.

வருத்தம் ஏன் இப்படி லேட்டா வந்து குத்துதுன்னு தேடிப் படிச்சேன். 1982-ல கானமனும் ட்வெர்ஸ்கியும் ஒரு சின்னக் கதை சொல்லிக் கேள்வி கேட்டாங்க. ஒருத்தர் தன் பங்குகளை மாத்தலாமான்னு யோசிச்சு, மாத்தாம விட்டதால 1,200 டாலர் லாபத்தைத் தவறவிட்டார். இன்னொருத்தர் வேலை மெனக்கெட்டு மாத்தினதால அதே 1,200 டாலரைத் தவறவிட்டார். யாருக்கு வருத்தம் அதிகம்? 92 சதவீதம் பேர் மாத்தினவருக்குத்தான்னு சொன்னாங்க. செஞ்சு கெட்டதுதான் சுடும். ஆனா 1995-ல கிலோவிச், மெட்வெக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டினாங்க. செஞ்ச தப்பு உடனே வலிக்கும், ஆறிடும். செய்யாம விட்டது வருஷக்கணக்கா கூடவே வரும்.

என் விஷயத்தில் அது அப்படியே உண்மை. அந்த ராத்திரி நான் எதையும் "முடிவு" பண்ணினதா நினைக்கலை. முடியாதுன்னு சொல்லியிருந்தா அது முடிவு, மனசு கொஞ்சம் உறுத்தியிருக்கும். "அப்புறம்"னு சொன்னதால உறுத்தவே இல்லை. முடியாதுங்கறதையே மரியாதையா சொல்ற வார்த்தைதாங்க அது!

வள்ளுவர் இதைப் பத்திச் சொல்லாம விடுவாரா? வினைத்தூய்மை அதிகாரத்தில் 655-ஆவது குறள். பின்னாடி நினைச்சு வருந்தற மாதிரி எதையும் செய்யாதேங்கறது முதல் பாதி. ஒருவேளை செஞ்சுட்டா? இங்கேதான் உரைகள் பிரியுது. அதே மாதிரி இன்னொரு தடவை செய்யாதேங்கறார் மு.வ. உக்காந்து வருந்திக்கிட்டே இருக்காதேங்கறார் பரிமேலழகர். நான் இத்தனை வருஷம் ரெண்டுக்கும் எதிரா நடந்திருக்கேன். உள்ளுக்குள்ள வருந்திக்கிட்டும் இருந்தேன், "அப்புறம்" சொல்றதையும் விடலை.

போன மாசம் டீக்கடையில் அவன்கிட்ட சொல்லிட்டேன். "டேய், அன்னிக்கு நான் சொல்லிக் குடுத்திருந்தா உனக்கு அரியர் விழுந்திருக்காது."

அவன் சிரிச்சான். "லூசாடா நீ? நான் மூணு யூனிட் தொடவே இல்லை. நீ விடிய விடியச் சொல்லிக் குடுத்திருந்தாலும் ஃபெயில்தான்."

எனக்கு அப்பாடான்னு இருந்தது. ஒரு வாய் டீ குடிச்சுட்டு அவனே தொடர்ந்தான்.

"ஆனா ஒண்ணு. அங்கே மழைதான்டா பெய்ஞ்சுட்டு இருந்தது. இனிமே உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு அன்னிக்கு நினைச்சேன்."

யோசிச்சுப் பார்த்தேன். உண்மைதான். அந்த ராத்திரிக்கு அப்புறம் அவன் என்கிட்ட ஒரு பேனாகூடக் கேட்டதில்லை. நான் கவனிக்கவே இல்லை. அவனோட 13 மார்க்கைத் தொலைச்சுட்டேன்னு இத்தனை நாள் கணக்குப் போட்டுட்டு இருந்தேன். உண்மையில் தொலைச்சது வேற. என் ரூம் கதவைத் தயங்காம தட்டிட்டு இருந்த ஒருத்தனை.

அவன்கிட்ட கேக்காம இருந்திருந்தா இது எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. தனியா உக்காந்து வருந்தினா, தப்பான இடத்தைத்தான் தடவிக்கிட்டு இருப்போம் போல. அடி எங்கே பட்டதுன்னு பட்டவனுக்குத்தான் தெரியும்.

இப்போ ஒரு சின்ன வழக்கம் வெச்சிருக்கேன். யாராவது ஏதாவது கேட்டா, முடியும்னா இப்பவே. முடியாதுன்னா முடியாது. "அப்புறம்"னா ஒரு மணியைச் சொல்லணும், அந்த மணிக்கு நானே போய்க் கதவைத் தட்டணும். நாலு தடவை சரியா செஞ்சேன், ரெண்டு தடவை கோட்டை விட்டேன்.

நேத்து ராத்திரி பத்து மணிக்கு அவன் ரூம் கதவை நானே தட்டினேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு இடம் எனக்குப் புரியலை.

"பத்து நிமிஷம் சொல்லிக் குடுடா"ன்னு கேட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தான். "மேட்ச் எதுவும் இல்லை. வா"ன்னான்.